அலாரம் போய்ச் சேரும் அறை

2015 ஏப்ரல் 3, புனித வெள்ளி. நள்ளிரவு 12.21-க்கு லண்டன் மாநகரக் காவல்துறைக்கு ஓர் அழைப்பு வந்தது. ஹாட்டன் கார்டன் நகை வீதியில் இருந்த பாதுகாப்புப் பெட்டக நிறுவனத்தில் ஆள் நுழைந்ததற்கான அலாரம் பதிவாகியிருக்கிறது என்று அதன் கண்காணிப்பு மையம் சொன்னது. திருடர்கள் தொலைபேசி ஒயரை வெட்டியிருந்தார்கள். அலாரப் பெட்டியின் ஆன்டெனாவையும் முறித்திருந்தார்கள். அப்படியும் ஒரு சிக்னல் தப்பி வெளியே போயிருந்தது. மையத்தில் இருந்தவர்கள் அதைப் பார்த்தார்கள், புரிந்துகொண்டார்கள், சொல்ல வேண்டிய இடத்தில் சொன்னார்கள்.

காவல்துறையின் கணினியில் அந்த அழைப்புக்கு 'ஆள் அனுப்பத் தேவையில்லை' என்ற தரம் இடப்பட்டது. நிறுவனத்தின் சார்பில் வந்த காவலாளி வெளியிலிருந்து பார்த்தார், உடைப்பு எதுவும் கண்ணில் படவில்லை, திரும்பிப் போனார். கும்பல் அப்போது கட்டடத்துக்குள்ளேயே இருந்தது. பெட்டக அறையின் 50 சென்டிமீட்டர் கான்கிரீட் சுவரைத் துளைத்தும், அதன் பின்னால் நின்ற இரும்பு அலமாரியைத் தள்ள முடியாமல் அன்று காலை வெறுங்கையோடு வெளியேறியது. சனிக்கிழமை இரவு புதிய கருவியோடு திரும்பி வந்து 73 பெட்டகங்களை உடைத்தது. போன பொருளின் மதிப்பு சுமார் 1 கோடியே 40 லட்சம் பவுண்ட் என்று பின்னர் கணக்கிடப்பட்டது. ஈஸ்டர் விடுமுறை முடிந்து செவ்வாய்க்கிழமைதான் விஷயம் வெளியே தெரிந்தது. அலார நிறுவனங்களோடு பணியாற்றுவதற்கான தன் நடைமுறைகள் அன்றிரவு பின்பற்றப்படவில்லை என்று காவல்துறை பின்னர் ஒப்புக்கொண்டது.

இந்தச் சம்பவத்தைத் திருடர்களின் வயதுக்காகவும் துணிச்சலுக்காகவும் உலகம் நினைவு வைத்திருக்கிறது. படங்களும் எடுத்துவிட்டார்கள். அலாரக் கண்காணிப்பைப் பற்றி யோசிக்கிறவர்களுக்கு அதில் வேறொரு பாடம் இருக்கிறது. மையம் தன் வேலையைச் சரியாகச் செய்தது. முதல் இரவே திருட்டைத் தடுத்திருக்கலாம். ஆனாலும் திருட்டு நடந்தது. ஒரு மையம் தன் வேலையைச் செய்யும் என்று முன்கூட்டியே யார், எப்படிச் சரிபார்க்கிறார்கள்? அந்தச் சரிபார்ப்பு எந்த எல்லையில் நின்றுவிடுகிறது? இந்த இரண்டு கேள்விகளையும் சேர்த்தே கேட்க வேண்டும் என்பது என் வாதம்.

வீட்டிலோ கடையிலோ வங்கியிலோ பொருத்திய அலாரம் சைரனை அலறவிட்டதோடு நின்றுவிடுவதில்லை. தொலைபேசி, மொபைல், இணையம் என்று ஏதாவது ஒரு வழியாக, எங்கோ தொலைவில் இரவுபகலாக இயங்கும் ஓர் அறைக்குச் செய்தி அனுப்புகிறது. அங்கே ஷிப்ட் முறையில் உட்கார்ந்திருக்கும் ஆபரேட்டர்கள் திரையில் விழும் சிக்னலைப் படித்து, வாடிக்கையாளரையோ சாவி வைத்திருப்பவரையோ கூப்பிட்டு, தேவைப்பட்டால் போலீசுக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ தகவல் தர வேண்டும். மாதாமாதம் கட்டணம் கட்டுகிறவர் அந்த அறையை ஒருநாளும் பார்த்திருக்க மாட்டார். மின்சாரம் போனால் அந்த நிமிடமே தெரிகிறது. தண்ணீர் வராவிட்டால் அன்று காலையே தெரிகிறது. கண்காணிப்பு வேலை செய்கிறதா என்பது, அது தேவைப்படும் அந்த ஓர் இரவில்தான் தெரியும். பத்து வருடம் விழித்திருந்த மையத்துக்கும் பத்து வருடம் தூங்கிவழிந்த மையத்துக்கும் ரசீதில் வித்தியாசம் இருக்காது. வாங்குகிறவரால் தரத்தைக் கண்டுபிடிக்கவே முடியாத சேவை இது. அதனால்தான் விற்பவரும் இல்லாத, வாங்குபவரும் இல்லாத மூன்றாவது ஆள் ஒருவர் உள்ளே போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்த மூன்றாவது ஆளின் தேவையை முதலில் உணர்ந்தவர்கள் இன்சூரன்ஸ்காரர்கள். திருடுபோனால் பணம் கொடுக்க வேண்டியவர்கள் அவர்கள்தானே. அமெரிக்காவில் அகஸ்டஸ் போப் 1853-ல் மின்சாரத்தில் இயங்கும் திருட்டு அலாரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதை வாங்கிய எட்வின் ஹோம்ஸ் பாஸ்டனிலும் பிறகு நியூயார்க்கிலும் தொழிலாக வளர்த்தார். வீடுகளிலும் வங்கிகளிலும் இருந்து ஒயர்களை ஒரே அலுவலகத்துக்குக் கொண்டுவந்து இரவில் ஆள் வைத்துக் கவனிக்கும் ஏற்பாடு அந்தக் குடும்பத்தால் பரவியது. 1877-ல் பாஸ்டனில் ஹோம்ஸின் மகன் அதே அலார ஒயர்களில் தொலைபேசி இணைப்பையும் நடத்திப் பார்த்தார். பகலில் பேச்சு, இரவில் அலாரம். 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் மின்சாரத்தால் தீப்பிடிக்கும் அபாயத்தை ஆராய வந்த வில்லியம் ஹென்றி மெரில் என்ற இளம் பொறியாளர், இன்சூரன்ஸ் நிறுவனங்களின் ஆதரவோடு 1894-ல் ஒரு சோதனைக்கூடத்தைத் தொடங்கினார். அதுதான் இன்று நம் வீட்டுச் சாதனங்களிலும் முத்திரையாகத் தென்படும் யூஎல். மையங்களை மதிப்பிட அது வைத்திருக்கும் தரநிலை யூஎல் 827. இதேபோலச் சோதித்துச் சான்றளிக்கும் ஜெர்மனியின் விடிஎஸ் இன்றும் அந்நாட்டு இன்சூரன்ஸ் சங்கத்துக்குச் சொந்தமானது. பிரான்சின் சிஎன்பிபி-யும் இன்சூரன்ஸ் உலகில் பிறந்ததே. இழப்பின் சுமையைத் தாங்குகிறவரே சோதனையையும் கேட்டது இந்தத் துறையின் நல்ல காலம் என்று நான் நினைக்கிறேன். அந்தத் தொடர்பு அறுந்த இடங்களில் சான்றிதழ் சுவரில் மாட்டும் சட்டகமாக மட்டுமே மிஞ்சுகிறது.

ஐரோப்பாவில் மையங்களுக்கு இப்போது பொதுவாக இருக்கும் தரநிலை இஎன் 50518. 2010-லும் 2011-லும் மூன்று பகுதிகளாக வந்து, 2019-ல் ஒரே ஆவணமாக ஆனது. அதன் ஒரு பாதி கட்டடத்தைப் பற்றியது. சுவர், தரை, கூரை, கண்ணாடி என்று மையத்தின் ஓடு முழுவதும் தாக்குதலைத் தாங்க வேண்டும். நுழைவில் இரண்டு கதவுகள் இருக்க வேண்டும். ஒன்று திறந்திருக்கும்போது மற்றது திறக்கக் கூடாது. காற்று உள்ளே வரும் வழியை அடைக்க முடிய வேண்டும், விஷவாயு நுழைந்தால் தெரிய வேண்டும், இடிதாங்கி வேண்டும், மின்சாரம் நின்றால் மாற்று ஏற்பாடு வேண்டும். மையத்துக்கே ஓர் அலாரம் இருக்க வேண்டும். உள்ளே இருப்பவர்கள் நலமாக இருக்கிறார்களா என்பது குறிப்பிட்ட இடைவெளியில் வெளியே உறுதியாக வேண்டும். ஆயிரக்கணக்கான இடங்களுக்குக் காவல் இருக்கும் அறையை ஒருவன் கைப்பற்றிவிட்டால் அத்தனை இடங்களும் திறந்த வீடுகள்தான். இந்தக் கெடுபிடி மிகையாகத் தோன்றலாம். ஆனால் தேவையானது.

அதற்காகக் கட்டடத்திலேயே மயங்கிவிடக் கூடாது. ஆஸ்திரேலியாவின் ஏஎஸ் 2201.2 தரநிலை இந்த விஷயத்தில் ஒரு நேர்மையான வழியைக் காட்டுகிறது. மையத்தின் தரத்தை ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் சேர்த்துச் சொல்கிறது. எழுத்து கட்டடத்துக்கு, எண் இயக்கத்துக்கு. ஏ1 உச்சம், சி3 கடைசி. கோட்டைபோலக் கட்டிவிட்டு உள்ளே இயக்கத்தில் கோட்டைவிடும் மையத்தை அந்த எண் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டையும் கலந்து ஒரே மதிப்பெண்ணாகக் கொடுத்திருந்தால் தடித்த சுவர், மெத்தனமான ஆபரேட்டரை மறைத்திருக்கும்.

இயக்கத்தை அளப்பதில் இஎன் 50518-ன் மிகக் கூர்மையான பகுதி நேரக் கணக்கு. தீ அலாரமோ கொள்ளை அச்சுறுத்தல் பொத்தானின் சிக்னலோ வந்தால், 80 சதவீத சிக்னல்களுக்கு 30 விநாடிக்குள்ளும் 98.5 சதவீதத்துக்கு 60 விநாடிக்குள்ளும் ஆபரேட்டர் நடவடிக்கையைத் தொடங்கியிருக்க வேண்டும். மற்ற அலாரங்களுக்கு இதே விகிதங்களில் 90 விநாடி, 180 விநாடி. எப்போதும் குறைந்தது இரண்டு ஆபரேட்டர்கள் பணியில் இருக்க வேண்டும். அமெரிக்கத் தீ அலார விதித்தொகுப்பான என்எஃப்பிஏ 72-ம் தீ சிக்னல் வந்ததிலிருந்து அதைத் தீயணைப்புத் துறைக்கு அனுப்பத் தொடங்க 90 விநாடிக்கு மேல் ஆகக் கூடாது என்கிறது.

இந்த எண்களோடு சற்று நேரம் உட்கார வேண்டும். ஒரு மையத்துக்கு ஓர் ஆண்டில் முதல் வகை சிக்னல்கள் ஆயிரம் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். விதிப்படி 985 சிக்னல்களுக்கு ஒரு நிமிடத்துக்குள் கை நீண்டுவிட்டது. மீதி 15 அதற்கு மேலும் காத்திருக்கலாம். மையம் அப்போதும் தேர்ச்சி பெற்றுவிடும். அந்த 15 ஆண்டு முழுவதும் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியிருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. பதினைந்தும் ஒரே இரவில், ஒரே ஷிப்டில் வந்திருந்தால்? பெரும் புயல் அடிக்கும் இரவில் ஒரு வட்டாரமே இருட்டாகிறது. நூற்றுக்கணக்கான அலாரப் பெட்டிகள் 'மின்சாரம் இல்லை' என்றும் 'பேட்டரி இறங்குகிறது' என்றும் ஒரே நேரத்தில் செய்தி அனுப்புகின்றன. காற்றில் ஜன்னல் அடித்து வீட்டு அலாரங்களும் ஒலிக்கின்றன. அந்த வெள்ளத்துக்கு நடுவில் ஓர் உண்மையான தீ சிக்னல் வருகிறது. இரண்டு ஆபரேட்டர்கள் என்ற குறைந்தபட்சம் அப்போது எதற்கும் காணாது. சிக்னல்களை முக்கியத்துவப்படி பிரித்துத் தீயை முதல் வரிசைக்குக் கொண்டுவருகிறதா மென்பொருள், கூடுதல் ஆட்களை எவ்வளவு நேரத்தில் வரவழைக்க முடிகிறது, வேறொரு மையத்துக்குப் பாதிச் சுமையை மாற்ற முடிகிறதா என்பவைதான் அந்த இரவைத் தீர்மானிக்கும். ஆண்டுச் சதவீதம் இதைச் சொல்லாது. தாமதமான சிக்னல்கள் எந்தத் தேதியில், எந்த மணியில் குவிந்தன என்று கேட்கிற மதிப்பீட்டாளர்தான் வேலை தெரிந்தவர்.

அவர் கேட்க வேண்டியவற்றில் பெரும்பாலானவை பதிவேட்டில்தான் கிடைக்கும். முன்கூட்டியே தேதி சொல்லிவிட்டு வரும் ஆய்வு நாளில் எந்த மையமும் பளபளப்பாகத்தான் இருக்கும். மேசை துடைக்கப்பட்டிருக்கும், ஜெனரேட்டர் முந்தைய நாள்தான் ஓட்டிப் பார்க்கப்பட்டிருக்கும், அனுபவசாலிகள் பகல் ஷிப்டுக்கு மாற்றப்பட்டிருப்பார்கள். கடந்த பன்னிரண்டு மாதப் பதிவை அப்படித் துடைப்பது கடினம். சிக்னல் வந்த விநாடி, ஆபரேட்டர் தொட்ட விநாடி, முதல் அழைப்பு போன விநாடி ஆகிய மூன்றும் கணினியில் நிற்கின்றன. அவற்றை ஷிப்ட் அட்டவணையோடும், வருகைப் பதிவோடும், குரல் ஒலிப்பதிவோடும் ஒப்பிட்டால் அதிகாலை மூன்று மணிக்கு அறையில் உண்மையிலேயே இருவர் இருந்தார்களா, ஒருவர் இருந்தாரா என்பது வெளிச்சமாகிவிடும். டீசல் வாங்கிய ரசீதையும் ஜெனரேட்டர் ஓடிய மணிக்கணக்கையும் சேர்த்துப் பார்த்தால் மாதச் சோதனை நடந்ததா, எழுதப்பட்டதா என்று தெரியும். கேட்காமல் கொள்ளாமல் பிரதான மின்சாரத்தை நிறுத்தச் சொல்லி, யுபிஎஸ் எவ்வளவு தாங்குகிறது, ஜெனரேட்டர் எப்போது சுமையை ஏற்கிறது என்று கடிகாரத்தோடு நிற்க வேண்டும். மாற்று மையத்துக்கு மாறும் திட்டம் காகிதத்தில் இருந்தால் போதாது. மாறிக் காட்டச் சொல்ல வேண்டும். இந்தச் சோதனைகளில் மையங்கள் முகம் சுளிக்கும். சுளிக்கட்டும்.

ஆட்களைப் பற்றிய சரிபார்ப்பும் இதில் உண்டு. யாருடைய வீடு எப்போது பூட்டிக் கிடக்கிறது, யாரிடம் சாவி, என்ன கடவுச்சொல் சொன்னால் அலாரம் தவறென்று எடுத்துக்கொள்ளப்படும் என்பதெல்லாம் ஆபரேட்டரின் திரையில் இருக்கிறது. பிரிட்டனில் பிஎஸ் 7858 என்ற தரநிலைப்படி இந்த வேலைக்கு வருகிறவரின் முந்தைய ஐந்து ஆண்டு வரலாறு சரிபார்க்கப்படுகிறது. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இனி மதிப்பீட்டாளரின் சுதந்திரம். மதிப்பீட்டுக்குக் காசு கொடுப்பது மதிப்பிடப்படுகிற மையம்தான். இந்த முரணை நம் நாட்டில் புதிதாக விளக்க வேண்டியதில்லை. 2009 ஜனவரியில் சத்யம் நிறுவனத்தின் தலைவரே கணக்கு பொய் என்று எழுதிக்கொடுக்கும்வரை, புகழ்பெற்ற தணிக்கை நிறுவனம் ஆண்டுதோறும் அந்தக் கணக்கில் கையெழுத்திட்டுக்கொண்டுதான் இருந்தது. சான்றளிக்கும் அமைப்புகளுக்கான ஐஎஸ்ஓ/ஐஇசி 17065 இதற்கு ஓர் அணை கட்டப் பார்க்கிறது: தான் சான்றளிக்கும் நிறுவனத்துக்கு அதே அமைப்பு ஆலோசகராக இருக்கக் கூடாது, பாரபட்சமின்மையைக் கண்காணிக்கத் தனி ஏற்பாடு வேண்டும். பிரிட்டனில் என்எஸ்ஐ, எஸ்எஸ்ஏஐபி போன்ற சான்றளிப்பு அமைப்புகளை யூகேஸ் என்ற தேசிய அங்கீகார அமைப்பு மதிப்பிடுகிறது. சோதிப்பவரையும் ஒருவர் சோதிக்கிறார்.

இந்த அணை உதவும். ஆனால் தனியாக நிற்காது. பிரிட்டனின் ஏற்பாடு பலமாக இருப்பதற்குக் காரணம், சான்றிதழ் போனால் பிழைப்பே போய்விடும் என்ற நிலை. அங்கே தேசியக் காவல் தலைவர்கள் கவுன்சிலின் கொள்கைப்படி, அலாரம் அடித்தால் போலீஸ் உடனே வர வேண்டும் என்றால் அந்த இடத்துக்குத் தனி அடையாள எண் இருக்க வேண்டும். அந்த எண் கிடைக்க, அங்கீகரிக்கப்பட்ட அமைப்பின் சான்று பெற்ற நிறுவனம் அலாரத்தைப் பொருத்தியிருக்க வேண்டும், சான்று பெற்ற மையம் அதைக் கண்காணிக்க வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்குள் மூன்று தவறான அலாரங்கள் போனால் போலீஸ் வருகை ரத்தாகிவிடும். போலீஸ் வராத அலாரத்துக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் முகம் கொடுக்காது. மையத்தின் தரத்தைக் காட்டும் காகிதத்துக்குப் பின்னால் போலீசும் இன்சூரன்சும் நிற்பதால் அது காசோலைபோல மதிப்புப் பெறுகிறது. அமெரிக்காவில் யூஎல் ஒரு படி கூடுதலாக, மையத்தோடு நிற்காமல் தனித்தனி இடங்களின் அலாரங்களுக்கும் சான்று வழங்கி அவற்றில் சிலவற்றை நேரில் போய்ப் பார்க்கிறது. அரசு ரகசியங்களைக் கையாளும் பாதுகாப்புத் துறை ஒப்பந்தக்காரர்களின் இடங்களுக்கு யூஎல் 2050 என்ற தனித் தரநிலையே இருக்கிறது.

தவறான அலாரங்களின் சுமையை இங்கே சொல்லியாக வேண்டும். அமெரிக்க நீதித்துறை காவலர்களுக்காக வெளியிட்ட வழிகாட்டி ஒன்று, போலீசுக்கு வரும் திருட்டு அலாரங்களில் 94 முதல் 98 சதவீதம் வரை தவறானவை என்கிறது. 2000 டிசம்பரில் சால்ட் லேக் சிட்டி நகரம், யாராவது நேரில் பார்த்து உறுதி செய்யாத திருட்டு அலாரத்துக்குப் போலீஸ் போகாது என்று விதி செய்தது. பிரிட்டனில் பிஎஸ் 8243 இதற்குத் தொழில்நுட்ப வழியைச் சொல்கிறது: இரண்டு வெவ்வேறு உணரிகள் அடுத்தடுத்து தூண்டப்பட்டாலோ, ஒலியிலோ காட்சியிலோ உறுதியானாலோதான் அதை உறுதிப்பட்ட அலாரம் என்று போலீசிடம் சொல்லலாம். நூறில் தொண்ணூற்றைந்து பொய்யாக இருக்கும் வேலையில் உட்கார்ந்திருக்கும் மனிதர் தொண்ணூற்றாறாவதையும் பொய் என்றே எடுத்துக்கொள்வது இயல்பு. போலீஸ் கட்டுப்பாட்டு அறையிலும் அப்படித்தான். ஆகவே ஒரு மையத்தின் தவறான அலாரக் கணக்கை வெறும் நிர்வாகப் புள்ளிவிவரமாக வைக்கக் கூடாது. பாதுகாப்பு மதிப்பீட்டின் நடுவிலேயே அதற்கு இடம் வேண்டும்.

மையத்துக்கு வரும் வழியைப் பார்ப்போம். இஎன் 50136 என்ற தரநிலை, அலாரப் பெட்டிக்கும் மையத்துக்கும் இடையிலான பாதையைத் தரம் பிரிக்கிறது. பாதை அறுந்தால் எவ்வளவு நேரத்தில் தெரிய வேண்டும் என்பதே முக்கிய அளவுகோல். கடைசித் தரமான எஸ்பி1-ல் அது 32 நாள். உச்சத் தரமான எஸ்பி6-ல் 20 விநாடி. 32 நாள் என்றால், திருடன் ஒயரை வெட்டிவிட்டு ஒரு மாதம் ஊர்சுற்றிவிட்டு வந்து நிதானமாகத் திருடலாம். இரண்டு வழிகள் கொண்ட டிபி வகைகளில் ஒரு வழி அறுந்தாலும் மறுவழி பேசும். சிறந்த மையத்தையும் மட்டமான பாதையால் இணைத்தால் மட்டமான பாதையின் தரம்தான் வாடிக்கையாளருக்குக் கிடைக்கும்.

இந்தப் பாதை நம் கண்முன்னே மாறிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவில் ஏடி அண்ட் டி நிறுவனம் 2022 பிப்ரவரியில் 3ஜி சேவையை நிறுத்தியபோது, அதையே நம்பியிருந்த அலாரங்களை மாற்ற அவகாசம் போதவில்லை என்று அலாரத் துறை கடைசிவரை முறையிட்டது. ஆஸ்திரேலியாவில் டெல்ஸ்ட்ராவும் ஆப்டஸும் 2024 அக்டோபரில் 3ஜி-யை மூடின. பிரிட்டனில் பழைய செம்புக்கம்பித் தொலைபேசி வலையமைப்பை மூடும் கெடு 2025 டிசம்பரிலிருந்து 2027 ஜனவரிக்குத் தள்ளிப்போடப்பட்டது. தனியாக வாழும் முதியவர்களும் நோயாளிகளுமாக சுமார் 18 லட்சம் பேர் அங்கே கழுத்திலோ மணிக்கட்டிலோ அணியும் அவசரப் பொத்தான்களை நம்பியிருக்கிறார்கள் என்பது முக்கியக் காரணங்களில் ஒன்று. இணைப்பு மாற்றத்தில் சில பொத்தான்கள் செயலிழந்த மோசமான சம்பவங்களுக்குப் பிறகு, 2023 டிசம்பரில் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் கட்டாய மாற்றத்தை நிறுத்திவைக்க அரசிடம் உறுதி அளித்தன. கீழே விழுந்த பாட்டி பொத்தானை அழுத்துகிறார். மறுமுனையில் மணியே அடிக்கவில்லை. மையத்தின் பதிவேட்டில் அப்படி ஓர் அழைப்பு வந்ததற்கான தடயமே இருக்காது. வந்த சிக்னலுக்கு எத்தனை விநாடி ஆனது என்று அளக்கும் எந்த மதிப்பீடும் வராத சிக்னலைப் பார்க்காது. வழக்கமாக வரவேண்டிய சோதனை சிக்னல் எத்தனை இடங்களிலிருந்து நின்றுபோயிருக்கிறது, அவற்றை யார் விசாரித்தார்கள் என்று கேட்டால் மட்டும்தான் அது தெரியவரும்.

இரண்டு பாதைகள் இருந்தாலும் இரண்டும் ஒரே கட்டடம் வழியாகப் போனால் ஒரு பாதைதான். 2020 கிறிஸ்துமஸ் அன்று காலை அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் ஏடி அண்ட் டி கட்டடத்துக்கு வெளியே நிறுத்திய ஒரு வாகனம் வெடித்தது. முதலில் சில மணி நேரம் பேட்டரி தாங்கியது. தீயும் தண்ணீரும் மாற்று மின்சாரத்தைக் கெடுத்த பிறகு டென்னசி, கென்டக்கி, அலபாமா பகுதிகளில் அவசர எண் சேவைகள்கூடத் தடுமாறின. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் ஒரே ஒரு பிழையான புதுப்பிப்பு உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. பிரதான மையத்திலும் மாற்று மையத்திலும் ஒரே மென்பொருள், ஒரே புதுப்பிப்பு, ஒரே நேரம் என்றால் மாற்று மையம் பெயருக்குத்தான். 2020-ல் கொரோனா ஊரடங்கின்போது யூஎல், ஆபரேட்டர்கள் வீட்டிலிருந்தே வேலை செய்வதற்கு வழிகாட்டுதல் வெளியிட வேண்டியிருந்தது. இரட்டைக் கதவும் குண்டு துளைக்காத கண்ணாடியும் கொண்ட கோட்டையின் வேலை ஒருவரின் படுக்கையறை மேசைக்கு நகர்ந்தது. கட்டடத்தை மையமாக வைத்து நூறாண்டு வளர்ந்த மதிப்பீட்டு முறை இனி வலையமைப்பின் பூட்டுகளையும் அதே கடுமையோடு பார்த்தாக வேண்டும்.

மையத்திலிருந்து வெளியே போகும் வழிக்கு வரும்போதுதான் எனக்குப் பெரிய மனக்குறை. உள்ளே வரும் சிக்னலுக்கு விநாடிக் கணக்கு வைத்திருக்கும் உலகம், வெளியே போகும் செய்திக்கு என்ன ஆனது என்று கணக்கு வைப்பதில்லை. போலீஸ் அதை எந்தத் தரத்தில் பதிவு செய்தது, போன காவலாளி உள்ளே இறங்கிப் பார்த்தாரா, 'ஒன்றுமில்லை' என்று அவர் சொன்னதை எந்த ஆதாரத்தில் ஏற்றார்கள் என்பதெல்லாம் சான்றிதழின் எல்லைக்கு வெளியே விழுகின்றன. தொலைபேசியில் வாய்மொழியாகச் சொல்வதற்குப் பதில் மையத்தின் கணினியிலிருந்து காவல்துறையின் கணினிக்கு நேரடியாகத் தகவல் போகும் முறை ஒரு நல்ல தொடக்கம். அமெரிக்காவில் 2006-ல் வர்ஜீனியா மாநிலத்தின் யார்க் கவுன்டியிலும் ரிச்மண்டிலும் சோதனையாகத் தொடங்கியது இது. முகவரி தவறாகக் கேட்பது குறையும், நேரம் மிஞ்சும், இருபுறமும் பதிவு நிற்கும். அந்த இரண்டு பதிவுகளையும் ஒன்றாக வைத்துப் படிக்கும் அதிகாரம் சுதந்திர மதிப்பீட்டாளருக்கு வேண்டும்.

நம் நாட்டுக்கும் இது தொலைதூரக் கதை அல்ல. 2023 பிப்ரவரி 12 அதிகாலையில் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரே இரவில் நான்கு ஏடிஎம்களைக் கேஸ் கட்டரால் அறுத்து 70 லட்சம் ரூபாய்க்கும் மேல் கொண்டுபோனார்கள். கும்பல் எந்த மாநிலத்திலிருந்து வந்தது, எப்படித் தப்பியது என்பதைச் சுற்றியே பேச்சு சுழன்றது. அந்த நான்கு இயந்திரங்களிலிருந்தும் சிக்னல் எங்கே போக வேண்டியிருந்தது, எத்தனை விநாடியில் யார் பார்த்திருக்க வேண்டும் என்ற கேள்விகள்தான் அடுத்த திருட்டைத் தடுப்பவை. ரிசர்வ் வங்கி 2019 ஜூன் 14 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையில், ஏடிஎம்களைச் சுவரிலோ தரையிலோ பதிப்பதற்குக் கெடு விதித்தது. தொலைவிலிருந்து கண்காணிக்கும் ஏற்பாட்டைப் பொறுத்தவரை வங்கிகள் அதைப் பரிசீலிக்கலாம் என்ற அளவில் நின்றது. தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டம், 2005 காவலாளிகளின் பின்னணியையும் பயிற்சியையும் உரிமத்தையும் விரிவாகப் பேசுகிறது. அது உருவான காலத்தின் கவனம் வாசலில் நிற்கும் மனிதர்மேல் இருந்தது. கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான சிஇஆர்டி-இன் (CERT-In) 2022 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவில் கணினிப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்கவும், கணினிக் கடிகாரங்களைத் தேசிய நேரத்தோடு பொருத்தவும், பாதுகாப்புச் சம்பவங்களை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் சொல்லியிருக்கிறார்கள். விநாடிக் கணக்கை நம்பும் மதிப்பீட்டுக்கு இதைவிட நல்ல அடித்தளம் இருக்க முடியாது.

ஆகவே செய்ய வேண்டியது தெளிவாகவே இருக்கிறது. ஏடிஎம்களையும் பெட்டகங்களையும் நகை அடகுக் கிளைகளையும் கண்காணிக்கும் மையங்களுக்குச் சுதந்திர மதிப்பீட்டை ரிசர்வ் வங்கி கட்டாயமாக்க வேண்டும். கட்டடத்துக்கும் இயக்கத்துக்கும் தனித்தனித் தரம் தர வேண்டும், தாமதமான சிக்னல்களின் நாளையும் மணியையும் பதிவில் கேட்க வேண்டும், மையத்திலிருந்து காவல் நிலையம்வரை போன செய்தியையும் அதே தணிக்கைக்குள் கொண்டுவர வேண்டும். தரம் இழந்த மையத்தின் வாடிக்கையாளருக்கு இன்சூரன்ஸ் நிறுவனங்கள் கூடுதல் பிரீமியம் விதித்தால் மையங்கள் தாமாகவே விழித்துக்கொள்ளும்.

அதுவரை, மாதக் கட்டணம் கட்டி வீட்டையோ கடையையோ கண்காணிக்க விட்டிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மையத்திடம் சான்றிதழைக் கேளுங்கள். அது எந்தத் தரநிலைக்கு, யார் கொடுத்தது, எந்த முகவரியில் இருக்கும் அறைக்கு, எந்தத் தேதிவரை என்று பாருங்கள். பிறகு ஓர் இரவு, முன்னறிவிப்பு இல்லாமல், அலாரத்தின் இணைய ஒயரைப் பிடுங்கிவிட்டு மையத்திலிருந்து அழைப்பு வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று கணக்கிடுங்கள். விடியும்வரை அழைப்பு வராவிட்டால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காதீர்கள்.